பெங்காலி செண்பகம்

புதுவாயல் கூட்டுரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, நடவுக்கு ஆள் வேண்டும் என்று எந்த டீக்கடையில் சொன்னாலும், "பெங்காலி செண்பகத்துக்குப் போன் போடுங்க" என்பார்கள். பெயரைக் கேட்டு வடக்கத்திப் பெண் என்று நினைத்துப் போகிறவர்கள், பெரியபாளையம் சாலையில் மூன்றாவது கிராமத்துக் காலனியில், புடவைக்கு மேல் புருஷனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிற நாற்பத்தாறு வயதுக்காரியைப் பார்த்துக் கொஞ்சம் குழம்பித்தான் போவார்கள். செண்பகம் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அதே ஊர். தாய்மாமன் மகன் முனுசாமியைக் கட்டிக்கொண்டு, நான்கு வீடு தள்ளிக் குடிபோனவள். போன தை மாதம் வரை, வடக்கே அவள் போன தூரம் மொத்தமே சூளூர்ப்பேட்டை வரைக்கும்தான். அதுவும் ஒரு சாவுக்கு.

அவள் அப்பா அப்பாவு, துளசிராமன் வீட்டு நிலத்தில் ஏர் ஓட்டியவர். செண்பகமும் பன்னிரண்டு வயதில் அதே சேற்றில் இறங்கியவள்தான். பிறகு கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் பெருகின. காலனியில் பாதிப் பேர் சாப்பாட்டுக் கேரியரோடு சிப்காட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். முனுசாமி ஓர் இரும்பு உருக்கு ஆலையில் வாட்ச்மேன் ஆனான். அதே ஆலையின் யார்டில், கப்பலில் வந்து குவியும் பழைய இரும்பைப் பிரித்துப்போடும் வேலை செண்பகத்துக்குக் கிடைத்தது. பன்னிரண்டு பெண்கள். மூடி இறுகிய சிலிண்டரோ, உள்ளே தண்ணீர் நின்ற குழாயோ தவறிப்போய் உலைக்குள் விழுந்தால் வெடித்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துத்தான் தள்ளவேண்டும். செண்பகம் எட்டு வருஷம் தட்டினாள். அவள் தள்ளியதில் ஒன்றுகூட வெடிக்கவில்லை.

ஒருநாள் காண்ட்ராக்டர் வந்து, ஒண்ணாம் தேதியிலிருந்து பெண்கள் யாரும் வரவேண்டாம் என்றார். ஒடிசாவிலிருந்து பதினெட்டுப் பேர் வந்து, ஆலைக்குள்ளேயே தகர ஷெட் போட்டுத் தங்கியிருந்தார்கள். செண்பகம் வீட்டுக்கு வந்து அவர்களைத் திட்டித் தீர்த்தாள். முனுசாமி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னான்:

"அவங்கள திட்டி இன்னா பண்றது? நீ ஆறு மணியானா ஊட்டுக்குப் போவணும்ன்ற. அவனுக்கு ஊடே அங்கதான் கீது. எப்ப கூப்ட்டாலும் வரான்."

அவளுக்குப் புரியத்தான் செய்தது. புரிந்ததனால் கோபம் ஒன்றும் குறையவில்லை. ஆலை வாசலில் புருஷனுக்குச் சோறு கொடுக்கப் போகும்போது அந்தப் பையன்கள் இருக்கும் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

மறுபடியும் வயலுக்குப் போனாள். ஆனால் அங்கேயும் பழைய நிலைமை இல்லை. முன்பு இருபத்தைந்து பெண்கள் வரிசை கட்டி நடுவார்கள். இப்போது காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன்கள் காலனி முனைக்கு வந்துவிடுகின்றன. செண்பகத்தின் சினேகிதி ஹெலனுடைய மகள் ஜெபா யூனிஃபார்ம் போட்டு, அடையாள அட்டை மாட்டிக்கொண்டு, செல்போன் செய்யும் கம்பெனிக்குப் போனாள். அவள் வயதுப் பெண்கள் யாருக்கும் சேற்றில் கால் வைக்க மனசில்லை. அவர்களை யாரும் குறை சொல்லவுமில்லை. பெற்றவர்களே அனுப்பிவைத்தார்கள். எஞ்சியது ஒன்பது பேர். அதில் இளையவள் ஹெலன், அவளுக்கே முப்பத்தெட்டு. அந்த ஒன்பது பேருக்கு நான்கு கிராமத்து நிலம் காத்திருந்தது.

அந்த வருஷம் ஆவணியில் நல்ல மழை. ஏரி நிறைந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் உழுது பரம்படித்துவிட்டார்கள். துளசிராமனுக்கு ஆறு ஏக்கர். நாற்றங்காலில் நாற்று வயசு கடந்து நின்றது. அவர் ஸ்கூட்டரில் செண்பகம் வீட்டு வாசலுக்கே வந்தார்.

"இன்னா செண்பகம், நாத்து முத்திப்போச்சு. எப்ப வர?"

"கைல கீற நெலத்த முடிச்சிகினு வரேன் நைனா. எட்டு நாள் ஆவும்."

"எட்டு நாளா? அதுக்குள்ள அது கதிரே தள்ளிடும்."

அவர் ஐந்து நாள் பொறுத்தார். ஆறாம் நாள் காலையில் ஹெலன் ஓடிவந்தாள்.

"எக்கா, நைனா ஊட்டு நெலத்துல ஆம்பளைங்க நட்டுகினு கீறாங்க."

செண்பகத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. அந்தப் பக்கத்தில் ஆண்கள் உழுவார்கள், வரப்பு வெட்டுவார்கள், மருந்தடிப்பார்கள். குனிந்து நடுவது பெண்கள் வேலை. ஆம்பளை நட்டு அவள் பார்த்ததேயில்லை. பிறகுதான், ஆலையில் நடந்ததேதான் இங்கேயும் நடந்திருக்கிறது என்று உறைத்தது. சண்டை போடுவது என்று முடிவு செய்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். ஹெலனும் கூடப் போனாள்.

வரப்பு ஏறியதும் கால் நின்றுவிட்டது.

பதினாறு பேர். லுங்கியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டி, ஒரே கோட்டில் குனிந்து, பின்னாலேயே நகர்ந்துகொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை. இடது கையில் நாற்று முடி. அதிலிருந்து கட்டைவிரல் இரண்டு மூன்று நாற்றைப் பிரித்துத் தள்ளுவதும் வலது கை அதை வாங்கிச் சேற்றில் செருகுவதும் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியவில்லை. பதினாறு கைகள் தண்ணீரைத் தொடும் சத்தம் மட்டும், பெருந்தூறல் விழுவதுபோல, நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்களுக்கு முன்னால் வெறும் சேறாகக் கிடந்தது நிமிஷத்துக்கு நிமிஷம் பச்சையாகிக்கொண்டே போனது. செண்பகம் இருபது வருஷத்துக்கு மேல் நட்டவள். இருபத்தைந்து பேர் முழு வேகத்தில் நட்ட நாட்களையும் பார்த்தவள். இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. காலை நாஷ்டா நேரம்கூட ஆகவில்லை. ஒரு ஏக்கருக்கு மேல் முடிந்திருந்தது.

"யம்மாடி," என்றாள் ஹெலன் மெதுவாக.

செண்பகம் குற்றம் கண்டுபிடிக்க வயலில் இறங்கினாள். வேகமாக நட்டால் ஆழமாகப் போயிருக்கும், இல்லையென்றால் மிதக்கும் என்பது அவள் கணக்கு. ஒரு குத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். இரண்டு விரல்கட்டை ஆழம், அவ்வளவுதான். இன்னொன்று. அதுவும் அதே. இடைவெளியைச் சாண் போட்டுப் பார்த்தாள். கயிறு கட்டாமலே கயிறு கட்டினதுபோல் இருந்தது. பிடுங்கியதை அதே இடத்தில் திரும்பச் செருகிவிட்டு நின்றாள்.

அப்போதுதான் வரிசையின் கோடியில் இருந்த ஆள் கிழக்கு மூலையை நெருங்குவதைப் பார்த்தாள். அந்த மூலையில் அடியில் ஊற்று உண்டு. மேலே பார்த்தால் மற்ற சேறு மாதிரியே இருக்கும். கால் வைத்தால் இடுப்பு வரைக்கும் இழுக்கும்.

"யோவ், அங்க போவாத!" என்று கத்தினாள்.

அந்த ஆள் நிமிர்வதற்குள் ஒரு கால் தொடை வரைக்கும் இறங்கிவிட்டது. செண்பகம் வரப்போரமாக ஓடிப்போய்க் கையைக் கொடுத்து இழுத்தாள். பிறகு கட்டுகளில் உயரமான நாற்றாகத் தேடி எடுத்து, வரப்பில் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு, அந்த மூலையைத் தானே நட்டு முடித்தாள். பதினாறு பேரும் வேலையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்கள். அவர்களின் தலைவன் நாற்பது வயதுக்காரன், ஒல்லி, நரை விழுந்த தாடி. பெயர் மொபிஜுல். மேற்கு வங்காளத்தில் முர்ஷிதாபாத் பக்கம். முன்பு இரண்டு வருஷம் சென்னையில், பாடியில் கட்டட வேலை செய்ததில் கொஞ்சம் தமிழ் இருந்தது.

"தீதி," என்றான், அக்கா என்கிற அர்த்தத்தில், "இந்த ஜாகா எப்படித் தெரியும்?"

"இன்னா எப்படித் தெரியும்? எங்க அப்பன் மாடு அதுல வுழுந்துகீது," என்றாள் செண்பகம்.

மொபிஜுல் என்ற பெயர் ஹெலன் வாயில் நுழையவில்லை. அன்று மத்தியானமே அவனை "மாப்பிள்ளை" ஆக்கிவிட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தபிறகும் அவன் ஆட்சேபிக்கவில்லை.

அன்று மத்தியானம் செண்பகம் இன்னொன்றையும் கவனித்தாள். காலையில் கட்டிவைத்த முடிகள் தீர்ந்துபோக, பதினாறு பேரும் நாற்றங்காலில் இறங்கி நாற்றுப் பறித்தார்கள். இங்கே களிமண். வேரோடு வரவேண்டியது அவர்கள் கையில் அறுந்து அறுந்து வந்தது. நடவில் காற்றாகப் பறந்தவர்கள் பறிப்பில் திண்டாடினார்கள். அரை நாள் அதிலேயே போனது. அவளுக்குக் கை பரபரத்தது. துளசிராமனிடம் போனாள்.

"நைனா, நாத்து நாங்க பறிச்சிக் கட்டித் தரோம். அவங்க நட்டும். ஆறு ஏக்கராவும் நாளன்னிக்கு முடிஞ்சிடும்."

"ரெண்டு பேருக்கும் கூலி குடுக்கணுமா? பேஜாரா கீதே."

"முத்துன நாத்த நட்டுட்டு அறுப்புல பதரு வாருறதுக்கு இது பரவால்ல."

அவர் தலையாட்டினார். காலனிப் பெண்கள்தான் ஆட்டவில்லை.

"நம்ம வேலையப் புடுங்கினவனுக்கு நாமளே பறிச்சிக் குடுக்கணுமா?" என்று ஹெலன் கேட்டாள்.

"புடுங்கிட்டானா? நம்மகிட்ட நாலு ஊரு நெலம் கீது. ஒம்போது பேரு கீறோம். நீ உன் பொண்ண வேன்லேர்ந்து எறக்கிக் கூட்டியா, பாப்போம்."

மறுநாள் விடிந்ததும் ஒன்பது பேரும் நாற்றங்காலில் உட்கார்ந்தார்கள். களிமண்ணைக் குலுக்கித் தண்ணீரில் அலசி, வேர் அறாமல் பறித்து முடி கட்டி வீசினார்கள். பதினாறு பேருக்கும் கை ஓயவில்லை. மூன்றாம் நாள் மாலைக்குள் ஆறு ஏக்கரும் முடிந்தது. செய்தி பக்கத்து ஊர்களுக்குப் பரவியது. அடுத்த பத்து நாளில் ஆணும் பெண்ணுமாக அந்த இருபத்தைந்து பேர் செய்து முடித்த வேலையை, தனியே ஒன்பது பேர் என்றால் தைப்பொங்கல் வரைக்கும் செய்துகொண்டிருப்பார்கள். செண்பகம்தான் முன்னால் போனாள். எந்த நிலத்தில் எங்கே ஊற்று, எந்த மேட்டில் தண்ணீர் நிற்காது, எந்த வீட்டுக்காரர் சாப்பாட்டை நேரத்துக்கு அனுப்பமாட்டார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். "பெங்காலி செண்பகம்" என்று முதலில் சொன்னவர்கள் கிண்டலாகத்தான் சொன்னார்கள்.

வெங்கடேசன் என்ற பெரிய மிராசுதாரர் நிலத்தில்தான் விஷயம் வெடித்தது. ஆண்களுக்கு ஏக்கர் கணக்கில் பேசி, பெண்களுக்குப் பழைய நாள்கூலி என்று வைத்திருந்தார்கள். தலைக்கு என்று பிரித்துப் பார்த்தால் பெண்களுக்கு வந்தது பாதிக்கும் குறைவு. மொபிஜுல் வெள்ளந்தியாகத் தன் பங்கைச் சொன்னபோதுதான் அது செண்பகத்துக்குத் தெரிந்தது. மறுநாள் காலை வெங்கடேசனிடம் கேட்டாள்.

"பொம்பளைங்க கூலி பொம்பளைங்க கூலிதான்," என்றார் அவர். "புதுசா இன்னா கேக்கற?"

செண்பகம் நாற்றங்கால் வரப்பில் போய் உட்கார்ந்தாள். கூட எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். பதினாறு பேரும் வயலில் இறங்கி முடி வராமல் நின்றார்கள். மொபிஜுல் வந்து என்ன என்று கேட்டான். அவனுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் இதை எப்படிப் புரியவைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் தலைக்கு நேராக ஒரு கையை உயர்த்திக் காட்டினாள். தன் முட்டிக்கு நேராக இன்னொரு கையைக் காட்டினாள். பிறகு வெங்கடேசன் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

அவன் அவள் கைகளை மாறிமாறிப் பார்த்தான். பிறகு வயலுக்குப் போய் ஆட்களிடம் ஏதோ சொன்னான். அவர்களுக்குள் பேச்சு எழுந்தது. ஒருவன் கையை உதறிக் கோபப்பட்டான். ஆனால் ஒவ்வொருவராகக் கரையேறி, காலைக் கழுவிக்கொண்டு, எதிர் வரப்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

ஆலையில் வேலை போன நாளில் செண்பகம் மற்றப் பதினோரு பெண்களோடு வாசலில் நின்றபோது, உள்ளூர்க்காரன் ஒருத்தன்கூட அவர்களுக்காக மெஷினை நிறுத்தவில்லை. இவர்கள் இரண்டு ராத்திரி ரயிலில் நின்றுகொண்டே வந்தவர்கள். ஒரு நாள் நடாமல் இருந்தால் ஊரில் அடுப்பு எரியாது என்கிறவர்கள். பாஷை தெரியாது. இவள் யாரென்றும் பதினைந்து நாளுக்கு முன்னால் தெரியாது. உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆட்களைக் கொண்டுவந்த புரோக்கர் போனில் கத்தினான். மொபிஜுல் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான். வெயில் ஏறியது. சேற்றுக்குத் தண்ணீர் விட்டிருந்த மோட்டார் ஓடிக்கொண்டேயிருந்தது. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் வெங்கடேசன் வரப்போடு நடந்து வந்தார்.

"சரி, எழுந்திரு. ஆளுக்கு ஆளு ஒண்ணா வச்சிக்கலாம்."

அன்றிலிருந்து அந்த வட்டாரத்தில் ஏக்கருக்கு ஒரு பேச்சு. பறிக்கிறவளுக்கும் நடுகிறவனுக்கும் சமபங்கு. புரோக்கர் அடுத்த பருவத்தில் தானாகவே கழன்றுகொண்டான்.

சாப்பிட உட்கார்ந்தபோது செண்பகம் மொபிஜுலைக் கேட்டாள், "இன்னாத்துக்கு உக்காந்த?"

"நாத்து இல்லாம நான் எப்டி நடறது," என்றான் முதலில். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, சொற்களைத் தேடித் தேடிச் சொன்னான்: "ஊர்ல என் ஒய்ஃப், ஷெபாலி. அதுவும் நாத்து பறிக்கும். பாதிக் காசுதான் குடுக்கும். நான் ஒருநாள்கூட கேக்கல."

அதன்பிறகு பருவத்துக்குப் பருவம் அவர்கள் வந்தார்கள். பதினாறு பேர் நாற்பது ஆனார்கள். எந்த ஊரில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று செண்பகம் போனில் சொல்லச் சொல்ல, அங்கிருந்து கிளம்புவார்கள். வேலையை விட்டு வீட்டோடு இருந்த பெண்கள் சிலர், சமக்கூலி என்று கேள்விப்பட்டுத் திரும்பிவந்தார்கள். ஒன்பது பேர் இருபத்திரண்டு ஆனார்கள்.

போன தை மாதம், நவரைப் பருவத்து நடவு முடிந்த கையோடு, மொபிஜுலின் தங்கைக்குக் கல்யாணம். செண்பகமும் ஹெலனும் கட்டாயம் வரவேண்டும் என்று ஷெபாலி வீடியோவில் கையெடுத்துக் கும்பிட்டாள். முனுசாமி, "போய்ட்டு வா, நான் சோறு ஆக்கிக்கறேன்," என்றான். டிக்கெட் எடுத்துக்கொடுத்தது ஜெபா.

ரயில் சூளூர்ப்பேட்டையைத் தாண்டியபோது செண்பகம் ஜன்னலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதன் பிறகு ஒரு முழுப் பகல் ஆந்திராவே முடியவில்லை. வயல், ஆறு, மறுபடி வயல். கோதாவரிப் பாலத்தில் ரயில் போய்க்கொண்டே இருந்தது, தண்ணீர் முடியவில்லை. "இவ்ளோ தூரமா வரானுங்க," என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். எதிர் சீட்டில் இருந்தவர்களில் பாதிப்பேர் ஊர் திரும்பும் வேலையாட்கள். ஒருவன் கையில் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி அடையாள அட்டை. ஹௌராவில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு ரயில், பிறகு ஷேர் ஆட்டோ. ஊர் போய்ச் சேர்ந்தபோது இரண்டாவது இரவும் கழிந்து பொழுது விடிந்திருந்தது.

அது பச்சைக்குள் உட்கார்ந்த ஊர். குளம், மூங்கில், தென்னை. எல்லாம் கண்டவைதான், இருந்தும் வேறாக இருந்தன. செண்பகம் தெருவில் நடந்துபோனபோது ஒன்றைக் கவனித்தாள். பெண்கள் இருந்தார்கள். வயசானவர்கள் இருந்தார்கள். கல்யாணத்துக்கு வந்த பத்துப் பதினைந்து பேரைத் தவிர வாலிப வயது ஆண் ஒருவன்கூடக் கண்ணில் படவில்லை. கேட்டால் ஷெபாலி ஒவ்வொரு வீட்டையும் காட்டி, கேரளா, பெங்களூர், சென்னை, துபாய் என்று சொல்லிக்கொண்டே போனாள். ஆனால் தெருவுக்கு அப்பால் வயலெல்லாம் தண்ணீர் கட்டி, பரம்படித்து, நடவுக்குத் தயாராக இருந்தது.

செண்பகம் மொபிஜுலைக் கூப்பிட்டாள்.

"நீங்கல்லாம் அங்க வந்துட்டா, இங்க யாரு நடுறாங்க?"

அவன் சிரித்தான். "வா தீதி, காட்றேன்."

குளக்கரையைச் சுற்றிப் போனதும் தெரிந்தது. முப்பது பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். மாநிறத்தைவிடக் கறுப்பு, கொண்டையில் ஏதோ மஞ்சள் பூ. அவர்கள் பேசியது மொபிஜுலுக்கே பாதிதான் புரிந்தது. ஜார்கண்ட் மலைப்பக்கம், தும்காவிலிருந்து லாரி பிடித்து வந்தவர்கள் என்றான். வருஷா வருஷம் வருவார்களாம். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் தங்குவார்களாம்.

"அப்ப அவங்க ஊர்ல?" என்றாள் செண்பகம்.

மொபிஜுல் கேட்டான். வரிசையில் மூத்தவள் நிமிர்ந்து பதில் சொன்னாள். அவன் அதைத் தமிழில் மாற்றினான்: "அங்க மழைத் தண்ணி மட்டும்தான். ஒரு போகம். அத அவங்களே நட்டு, அறுத்து, அப்புறம் கிளம்பி வர்றாங்க."

செண்பகம் அப்படியே நின்றாள். துளசிராமன் வீட்டு வரப்பில் நின்று பதினாறு பேரைப் பார்த்த நாளில் அவளுக்கு மலைப்பு அந்த ஒரு வயலோடு முடிந்திருந்தது. இப்போது அது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. ஜெபா வேனில் ஏறினாள். அந்த இடத்துக்கு இவன் வந்தான். இவன் இடத்துக்கு மலையிலிருந்து இவள் இறங்கி வந்திருக்கிறாள். ஒருவர் நகர்ந்த இடத்தில் இன்னொருவர் காலை வைக்க, இவ்வளவு தூரத்துக்கும், கோதாவரிக்கும் அந்தப் பக்கம் வரைக்கும், நிலம் காலியாக இல்லாமல் இருக்கிறது. யாரும் உட்கார்ந்து ஏற்பாடு செய்யவில்லை. ஒருவர் பேர் ஒருவருக்குத் தெரியாது.

"எக்கா, இன்னா மரமாட்டம் நின்னுகினு கீற?" என்றாள் ஹெலன்.

"அவங்களுக்கு எவ்ளோ குடுக்கறாங்கன்னு கேளு மாப்பிள்ள," என்றாள் செண்பகம்.

மொபிஜுல் கேட்கத் தயங்கினான். தாடியைத் தடவினான். பிறகு கேட்டான். மூத்தவள் சொன்னதும் அவன் முகம் சுருங்கியது. அதைச் செண்பகத்திடம் தமிழில் சொல்லாமல், வயலுக்குச் சொந்தக்காரரான தன் சித்தப்பா இருக்கும் பக்கம் பார்த்தான். கல்யாண வீட்டுப் பந்தலில் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"போறேன் தீதி," என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் நடந்தான்.

செண்பகம் பட்டுப்புடவையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகினாள். ஹெலன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தண்ணீரில் இறங்கினாள். மாசி பிறக்கப்போகிற நேரம். தண்ணீர் சில்லென்று எலும்பைக் கடித்தது. சேறு நம் ஊர்க் களிமண் இல்லை. மாவு மாதிரி மெத்தென்று இருந்தது. மூத்தவள் சிரித்துக்கொண்டே ஒரு முடியை அவள் கையில் கொடுத்து, தனக்கும் பக்கத்தில் இருந்தவளுக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு நகர்ந்தாள். செண்பகம் குனிந்தாள்.